அவன் உங்களுக்கு என்ன வேணும்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து விறைப்பாக இழுத்து, ஓர் உதறு உதறி, எதிரெதிரே நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். சேர்த்ததும் ஒருத்தி கையை விட்டுவிடலாம். பையனின் அடக்கம் முடிந்த மறுவாரமே சித்தி வேலைக்கு வந்து தன் பக்கத்து மூலைகளைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் இருந்தபோது வந்தவர்கள் எல்லாரும் இவள் எப்போது அழுவாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இங்கே அந்தத் தொந்தரவு இல்லை. விரிப்புகள் வந்துகொண்டே இருந்தன.

சித்தி என்பது அவள் பெயர் இல்லை. பையன் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு அக்கம்பக்கமும் சலவைக்கூடமும் அதையே பிடித்துக்கொண்டன. நாமும் அப்படியே கூப்பிடுவோம், அவளுக்கு ஆட்சேபணை இருக்காது.

பையன் பட்டாளத்தில் லாரி ஓட்டினான். சண்டை கிண்டை எதுவும் இல்லை. மலைப்பாதையில் மண் சரிந்தது, லாரியோடு போய்விட்டான். பெட்டியின் மேல் போர்த்தி வந்த கொடியைச் சிப்பாய்கள் எடுத்து மடித்தார்கள். ரத்த சம்பந்தமுள்ள பெரியவர் யார் என்று கேட்டு, பையனின் பெரியப்பா கையில் கொடுத்தார்கள். சித்தி பின்வரிசையில் நின்றாள். கொடியின் ஒரு மூலை சரியாகச் சேராமல் விரலகலம் பிசகியிருந்தது. அன்றைக்கு நடந்ததில் அந்த ஒன்றுதான் அவளுக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

பெரியப்பா வீட்டுக்காரி, "கல்லு மாதிரி நிக்கறாளே" என்று சொன்னது காதில் விழுந்தது. பெற்றவளாக இருந்தால் இப்படி நிற்பாளா என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டதும் விழுந்தது. விழுந்து என்ன, எதுவும் உறைக்கவில்லை. ஒரே பக்கமாக வெகுநேரம் படுத்துக் கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி அவளுக்கு உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள், பஸ் பிடித்தாள், யாராவது ஏதாவது சொன்னால் சரி என்றாள்.

இந்த லட்சணத்தில் வீட்டுப் பிரச்சினை வேறு. அவள் இருந்தது மாடியில் பின்பக்கத்து ஒண்டுக்குடித்தனம். வீட்டுக்காரர் கட்டடத்தை விற்றுவிட்டார். நல்ல மனுஷன்தான், துக்க வீட்டில் இதைச் சொல்ல நாக்கு கூசுகிறது என்று சொல்லிக்கொண்டே சொல்லி முடித்தார். வாங்கினவன் இடிக்கப் போகிறானாம், அடுத்த மாதத்துக்குள் காலி செய்ய வேண்டுமாம். சித்தி சரி என்றாள். எங்கே போவீங்க என்று அவரே கவலைப்பட்டுக் கேட்டார். அதற்கும் சரி என்றாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிப் போனார்.

அந்த மாடிப்படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். படி முடிகிற இடத்தில் உத்தரம் தாழ்வாக இருக்கும். பையன் நெட்டை, அதுவும் சாதாரண நெட்டை இல்லை. பட்டாளத்தில் அவனுக்கு ஏணி என்று பட்டப்பெயர். லீவில் வரும்போதெல்லாம் ஏறுகிற வேகத்தில் அந்த உத்தரத்தில் மடாரென்று இடித்துக்கொண்டு, மண்டையைத் தேய்த்துக்கொண்டே, "சித்தி, வந்துட்டேன்" என்பான். காலிங் பெல்லுக்கு வேலையே இல்லை. ஒரு தடவை இடித்து ரத்தம் வந்த பிறகு, சித்தி ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட விரிப்பு ஒன்றைத் தடியாக மடித்து அந்த உத்தரத்தில் சுற்றிக் கட்டினாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வீடு போகிற சமாச்சாரம் சலவைக்கூடத்தில் தையல்காரிக்கு எட்டியது. கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுகிறவள் அவள். சித்தியை அக்கா என்று கூப்பிடுகிற ஒரே ஆள். ஊசியை விட வாய்தான் கூர்மை. "ஏன்க்கா, உங்களுக்கு வாய் எதுக்கு இருக்கு, சரின்னு சொல்ல மட்டுமா?" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள் இருக்கின்றன, தினமும் அதைத் தாண்டித்தானே வருகிறீர்கள் என்றாள். பட்டாளத்தில் இருக்கிறவர்கள், இருந்து வந்தவர்கள், அவர்கள் குடும்பத்தார், இப்படி இடமில்லாமல் நிற்பவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை கட்டியது. டிரஸ்ட் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். இப்போது கீழே ஒரு வீடும் மாடியில் ஒரு வீடும் காலி. சித்தி அதற்கும் சரி என்றாள்.

டிரஸ்டு அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஓர் எழுத்தர் பெண் இருந்தாள். தங்கமான பெண். வாங்கம்மா, உக்காருங்கம்மா, தண்ணி குடிக்கிறீங்களாம்மா என்று ஆயிரம் அம்மா போட்டாள். பையன் பெயர், படைப்பிரிவு, இறந்த விவரம் எல்லாம் கேட்டுக் கணினியில் தட்டினாள். பிறகு கேட்டாள், "அவருக்கு நீங்க என்ன வேணும்மா?"

"சித்தி."

அவருக்கு மனைவி, பிள்ளைகள் உண்டா என்றாள். கல்யாணமே ஆகவில்லை. அம்மா இருக்கிறாரா என்றாள். சின்ன வயசிலேயே இறந்துவிட்டாள். அப்பா? அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவ்வளவும் உண்மை. ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்தப் பெண் உச்சுக்கொட்டிக்கொண்டே தட்டி முடித்தாள்.

சில நாள் கழித்துப் போன் வந்தது. மன்னிச்சுக்குங்கம்மா என்று ஆரம்பித்தபோதே விஷயம் தெரிந்துவிட்டது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர், அதோடு சரியாம். சித்தி, அத்தை, மாமா எல்லாம் விதியில் வர மாட்டார்களாம். எனக்கே கஷ்டமா இருக்கும்மா என்றாள். சித்தி சரி என்று போனை வைத்துவிட்டு அடுத்த விரிப்பின் மூலையை எடுத்தாள்.

நம் பாஷையில் இது ஒரு வம்பு. அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவளும் சித்தி. ஒரே நாற்காலியில் இரண்டு பேரை உட்காரவைத்த புண்ணியவான் யாரோ. எழுத்தர் பெண் ஒருத்தியை நினைத்துக்கொண்டு தட்டினாள், எதிரே உட்கார்ந்திருந்தவள் இன்னொருத்தி.

தையல்காரிக்கு இது விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். "ரெண்டாந்தாரம்னு சொல்லலையாக்கா நீங்க?" சித்தி அதை யாரும் கேட்கவில்லை என்றாள். தையல்காரி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அன்றைக்கு வேலை முடிந்த கையோடு சித்தியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு டிரஸ்டுக்குப் போனாள்.

எழுத்தர் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தப்பு என்னுதும்மா, ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் என்றாள். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. விதியில் எழுதியிருப்பது பெற்றோர். பெத்தவங்கன்னா பெத்தவங்கதானே என்று கமிட்டியில் ஒரு பிடிவாதக்காரர் இருக்கிறார். மாற்றாந்தாய் என்றால் கமிட்டி முன்னால் வர வேண்டும். அம்மா ஸ்தானத்தில் இருந்தாளா என்று பார்ப்பார்கள். பையனோடு பழகின ஒருத்தர் வந்து சொன்னால் போதும். "அது ஒண்ணும் பெரிய விஷயமில்லம்மா. அவர் உங்கள அம்மானுதானே கூப்பிடுவார்?"

"சித்தினுதான்" என்றாள் சித்தி. தையல்காரி மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். மிதித்தது பிரயோஜனப்படவில்லை, உறைத்தால்தானே.

திரும்பி வரும்போது தையல்காரி வழியெல்லாம் இதையே அரைத்தாள். பஸ் கண்டக்டர் அம்மா என்கிறான், மருந்துக்கடைக்காரன் அம்மா என்கிறான், முன்பின் தெரியாதவனெல்லாம் அம்மா என்கிறான். அந்த வார்த்தைக்கு வரியா போட்டிருக்கிறது? "அம்மானுதான் கூப்பிட்டான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. இல்லைன்னு சொல்ல அவனா வரப்போறான்?" சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தையல்காரிக்கே உறைத்தது. சித்தியின் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. பஸ் வந்தது, இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள்.

அந்த வார்த்தையைச் சித்தியால் ஏன் சொல்ல முடியவில்லை என்றால், அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த அன்று எல்லாரும் பையனை அவள் முன்னால் தள்ளி, அம்மானு கூப்பிடுடா, கூப்பிடுடா என்று பிடுங்கி எடுத்தார்கள். முன்பல் விழுந்த வயசு அவனுக்கு. எல்லாரும் நகர்ந்த பிறகு மெல்ல வந்து, உங்கள அம்மானு கூப்பிடணுமா என்று கேட்டான். கேட்கும்போதே உதடு பிதுங்கியது. அவள் வேண்டாம் என்றாள். அது உங்கம்மாவுக்கு உள்ளது, அப்படியே இருக்கட்டும், நீ என்னை சித்தினு கூப்பிடு என்றாள். அந்த நிமிஷமே பையன் முகம் தெளிந்துவிட்டது. பிறகு புருஷன் சொல்லிப் பார்த்தார், பெரியப்பா அதட்டிப் பார்த்தார். அவள் மசியவில்லை. அந்த ஒரு வார்த்தையை அவள் பங்கு கேட்காததால்தான் மற்றதெல்லாம் அவளுக்குக் கிடைத்தது என்று அவள் நினைப்பு. பள்ளிக்கூடத்தில் வாங்கின அடி முதல் பட்டாளத்தில் சேரப்போகிற சங்கதி வரை அவன் முதலில் சொன்னது அவளிடம்தான்.

சாட்சிக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. பட்டாளத்தில் பையனோடு ஒரே கொட்டகையில் இருந்த கம்பியில்லாக் கருவிக்காரன் ஒருவன் லீவில் வந்திருந்தான். ஓயாமல் பேசுவான் என்பதால் வயர்லெஸ் என்று பெயர். துக்கம் விசாரிக்க வந்தவன் குள்ளமான ஆள், உத்தரத்துக்குக் கீழே தாராளமாக நுழைந்து வந்தான். வந்தவன் நின்று, எக்கி, அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தான். இதுதானா அது என்றான். ஏணி சொல்லியிருந்தானாம்.

சித்தி டீ போட்டுக் கொடுத்தாள். விஷயத்தைத் தையல்காரி ஏற்கெனவே போனில் சொல்லி, என்ன பேச வேண்டும் என்று பாடமும் எடுத்திருந்தாள். வயர்லெஸ் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே, கமிட்டியில் நான் வந்து சொல்லிவிடுகிறேன், எப்பவும் அம்மா அம்மா என்றுதான் சொல்வான் என்று சொல்லிவிடுகிறேன் என்றான்.

"அப்படி சொன்னானா?"

வயர்லெசுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. இல்லை என்றான். சித்தி என்றுதான் சொல்வான், கொட்டகையில் எல்லாருக்குமே நீங்கள் சித்திதான் என்றான். குளிர் காலத்தில் அவள் அனுப்புகிற தைலத்தையும் கம்பளிக் கையுறைகளையும் பங்குபோட்டுக்கொள்ள, சித்தி பார்சல் வந்ததா, சித்தி பார்சல் வந்ததா என்று அவளை முன்பின் பார்க்காத தடியன்களெல்லாம் கேட்பார்களாம். அதைச் சொல்லிச் சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். கடைசியாக உங்களிடம் பேசிவிட்டு வந்த அன்றும் அவன் சிரித்துக்கொண்டுதான் வந்தான் என்றான். "'வாய் தவறி அம்மானுட்டேன்டா, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்'னு சொன்னான்."

சித்திக்கு அந்தப் போன் ஞாபகம் இருந்தது. லைன் சரியில்லை, கரகரவென்று இரைச்சல். அம்மா, இங்க ஒரே குளிரு என்றான். யாருடா உனக்கு அம்மா, சித்தினு சொல்லு என்றாள் இவள், பழக்க தோஷத்தில். சரி சித்தி, சரி சித்தி என்று சிரித்தான். பிறகு தைலம் தீர்ந்ததைப் பற்றிப் பேசினார்கள். அவ்வளவுதான்.

"வாய் தவறித்தான் சொன்னானா?" என்று கேட்டாள்.

வயர்லெஸ் டம்ளரைக் கீழே வைத்தான். "தெரியலையே சித்தி" என்றான்.

கமிட்டி கூடிய அன்று சித்தி முன்பகலுக்கு லீவு சொல்லிவிட்டுப் போனாள். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் வாயே திறக்கவில்லை. பேசினதெல்லாம் நடுவில் இருந்த பெரியவர். பீரங்கிப் படையில் இருந்து காதைத் தொலைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்காது என்று நினைத்துக்கொண்டு பேசுவார். அலுவலகத்தில் அவருக்குப் பீரங்கி என்றே பெயர். காது மெஷின் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கும். பெத்தவங்கன்னா பெத்தவங்கதான் என்ற பிடிவாதக்காரரும் அவர்தான். எழுத்தர் பெண் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். வயர்லெஸ் விறைப்பாகச் சுவரோரம் நின்றான். தையல்காரியை உள்ளே விடவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

பீரங்கி பையனின் விவரத்தை எல்லாம் சரிபார்த்தார். லாரியைப் பற்றிக் கேட்டபோது குரலைத் தணித்துக்கொள்ளப் பார்த்தார், தணியவில்லை. வயர்லெசிடமும் கேட்டார். அவன் நல்லா வளர்த்தாங்க சார், எங்க எல்லாருக்குமே பார்சல் அனுப்புவாங்க சார் என்று சுற்றி வளைத்தான். பீரங்கி கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டுச் சித்தி பக்கம் திரும்பினார்.

"பையன் உங்கள என்னனு கூப்பிடுவான்?"

"சித்தி."

கதவுப் பக்கம் தையல்காரி பெருமூச்சு விட்டது எல்லாருக்கும் கேட்டது, பீரங்கியைத் தவிர.

"ஒரு தடவைகூடவா அம்மானு கூப்பிடல?"

வயர்லெஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். சித்தி மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீராவி பட்டுப் பட்டு வெளிறிப்போன கைகள்.

"ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன்."

சொல்லும்போது அவள் குரல் கடையில் மீதிச் சில்லறை வேண்டாம் என்று சொல்கிற குரலாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லி முடித்த பிறகு அவளுக்கு உள்ளே எங்கேயோ சுருக்கென்றது. மரத்த கையில் ரத்தம் திரும்பி வரும்போது முதலில் ஒரு குத்து குத்துமே, அதுதான். அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பீரங்கிக்குப் பாதிதான் விழுந்தது. என்ன வேணாமாம் என்று எழுத்தர் பெண்ணிடம் கேட்டார். அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே பொறுமையிழந்து கையை வீசினார்.

"கூப்பிட்டது கிடக்கட்டும்மா. நான் கேக்கறது ஒண்ணுதான். அவன் உங்களுக்கு என்ன வேணும்?"

இதையே சுற்றிச் சுற்றி எத்தனையோ பேர் கேட்டாயிற்று. கொடி மடித்தவர்கள் கேட்டார்கள், எழுத்தர் பெண் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் பதில் நாக்கு நுனியில் இருந்தது. இந்தத் தடவை அவள் வாயைத் திறந்தபோது மகன் என்றும் வரவில்லை, மூத்தாள் பிள்ளை என்றும் வரவில்லை.

"வேணும்" என்றாள்.

"என்ன?" பீரங்கி கையைக் குவித்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"அவன் வேணும்."

"கேக்கலம்மா. சத்தமா சொல்லுங்க."

சித்தி எழுந்து நின்றாள். சலவை மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. இத்தனை நாள் அதை அவள் உபயோகிக்கவில்லை.

"எனக்கு அவன் வேணும். வீடு வேணாம், ஒண்ணும் வேணாம். அவன் வேணும்."

வெளியே வராந்தாவில் முறைக்குக் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தையல்காரி கதவிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள். சித்தியின் கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை. வந்துகொண்டிருப்பதே அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

பீரங்கிக்குக் கேட்டுவிட்டது. அவர் காதிலிருந்து கையை எடுத்து மேஜை மேல் வைத்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரிடமும் எதுவும் கேட்கவில்லை.

"எழுதிக்கோம்மா" என்றார். முதல் தடவையாக அவர் குரல் சாதாரண மனுஷக் குரலாக இருந்தது.

"என்னனு எழுதட்டும் சார்? தாய்னா?"

பீரங்கி பதில் சொல்வதற்குள் சித்தி சொன்னாள், "சித்தினே எழுதுங்க."

பீரங்கி எழுத்தர் பெண் பக்கம் திரும்பினார். "சித்தினே எழுது" என்றார். "பெற்றோர்னு இருக்கற இடத்துல எழுது."

சித்தி உட்கார்ந்தாள். எழுத்தர் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். பிறகு அவள் வேலையை அவள் பார்க்க வேண்டுமே, கீழ் வீடு ஒன்று, மாடி வீடு ஒன்று, இரண்டும் காலியாக இருக்கிறது, எது உங்களுக்கு வசதி என்று கேட்டாள். மாடி என்றால் காற்று நன்றாக வரும் என்றும் சொன்னாள்.

"மாடி வேணாம்" என்றாள் சித்தி. குரல் பழையபடி ஆகியிருந்தது. "மாடின்னா உத்தரம் தாழ்வா இருக்கும். ஏறி வர்ற வேகத்துல பையன் தலையை இடிச்சுக்குவான்."

எழுத்தர் பெண் குனிந்து, கீழ் வீடு என்று எழுதினாள்.